ஒருநாள் அரசன்

திருமணம் என்றதும் மணப்பெண்ணின் அலங்காரமே எமது பேச்சில் முந்திக்கொள்கிறது. பழைய இலக்கியமும் இதற்கு விலக்கல்ல. அகநானூற்றின் 86 ஆம் பாடலையும் 136 ஆம் பாடலையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பழந்தமிழர் மணநாளைக் காட்டுவன. முதற்பாடலில் மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டுகின்றனர். இவ்விரு பாடல்களிலும் பேசுபவன் மணமகன்தான். ஆயினும் தன்னை யார் நீராட்டினார், யார் உடுத்தினார் என்று அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் குறையைப் பிற்காலத்தில் தீர்த்துவைத்தவர் சேக்கிழார். தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரர் மணக்கோலம் கொள்ளும் காட்சியை அவர் விரிவாகவே பாடியுள்ளார். சுந்தரர் ஆதிசைவ மரபில் பிறந்தவர். நரசிங்க முனையரையர் என்னும் அரசரால் வளர்க்கப்பட்டவர். ஆகவே அரசத் திருவும் வைதிகத் திருவும் அவரிடத்தில் ஒன்றாகப் பொலிகின்றன. நீராடி, அணி பூண்டு, திருநீறு சாத்திக் குதிரை மீதேறிப் புத்தூருக்குப் போகிறார். அங்கே ஒரு கிழவேதியர் வந்து, ஓர் ஓலையைக் காட்டி, "இவன் எனக்கு அடிமை" என வழக்குரைக்கிறார். அரசனாகப் புறப்பட்டவர் ஆளாக நிற்கிறார். 1852 இல் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். அதன்பின் இக்கதை செய்யுள் பயிலாதவர்களுக்கும் எட்டியது.

மணமகனை ஒருநாள் அரசனாக்கும் இந்த மரபே யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணத்திலும் விளங்குகிறது. மணநாளிலே மாப்பிள்ளையைக் கிழக்கு நோக்கிப் பலகையில் இருத்துவர். முன்னே நிறைகுடமும் குத்துவிளக்கும் இருக்கும். நாவிதர் முகம் வழிப்பார். பின்னர் பாலறுகு வைத்தல் நடைபெறும். பெரியோரும் உறவினரும் பாலில் தோய்ந்த அறுகம்புல்லையும் சில்லறைக் காசையும் எடுத்து அவர் தலையிலே வைப்பர். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோட வேண்டும் என்பது அதன் கருத்து. அதன்பின் தோயவார்த்து, பட்டு வேட்டியும் சால்வையும் அணிவித்து, உரிமையுள்ள பெரியவர் ஒருவர் தலைப்பாகையைச் சூட்டுவார். கழுத்தில் மாலை விழும். காலடியில் நிலபாவாடை விரியும். குடையும் மேளமும் உடன் செல்லும். அரசனுக்குரிய சின்னங்கள் யாவும் ஒருநாளைக்கு அவருடையவை.

நான் சிந்திப்பது இந்த அரசனை ஆக்கிய கைகளைப் பற்றி. முகம் வழித்தவர் நாவிதர். நிலபாவாடை விரித்தவரும், பந்தலிலே வெள்ளை கட்டியவரும் சலவைத் தொழிலாளர். இவர்களைக் 'குடிமக்கள்' என்றனர். இவர்களுடைய கடமையைக் 'குடிமை' என்றனர். இவர்கள் வராமல் முகூர்த்தம் நடவாது. ஆனால் பந்தலில் இவர்களுக்குச் சரியாசனம் இல்லை.

1707 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையிலே சீதனத்துக்கும் விதி உண்டு. அடிமைகளுக்கும் விதி உண்டு. மணமும் அடிமைமுறையும் ஒரே ஏட்டிலே அடுத்தடுத்து எழுதப்பட்ட சமூகம் எம்முடையது. 1844 இல் ஆங்கிலேயர் சட்டத்தினால் அடிமைமுறை ஒழிந்தது, வழக்கத்தினால் ஒழியவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டுச் சடங்குகளில் மேளம், குடை, வெள்ளை ஆகியவற்றுக்குத் தடை இருந்தது. அவர்கள் வீட்டு மாப்பிள்ளை ஒருநாளைக்குக்கூட அரசனாக முடியாது. இந்தப் படிமுறை சேவை செய்தோரிடையேயும் புகுந்திருந்தது. 1871 இல் மாவிட்டபுரத்திலே நாவிதருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் இடையே கலகம் மூண்டது. ஒரு சாராரின் துணியை மறுசாரார் வெளுக்க மறுத்ததே அதற்குக் காரணம். ஒரே மாப்பிள்ளையை ஆயத்தம் செய்த இரு கைகள் அவை! 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், அச்சட்டம் தந்த உரிமைகளை மக்கள் போராடியே பெறவேண்டியிருந்தது.

இன்று மாப்பிள்ளை சலூனுக்குப் போகிறார். தலைப்பாகை கட்டி முடித்த நிலையிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய சீர் போய்விட்டதே என்று கவலைப்படும் பெரியோரைக் கண்டிருக்கிறேன். அக்கவலையில் என்னால் முழுமையாகப் பங்குகொள்ள முடியவில்லை. குடிமையாக வாங்கப்பட்ட உழைப்பு இன்று கூலி பேசிச் செய்யும் தொழிலாயிற்று. செய்ய விரும்பாதவர் மாட்டேன் என்று சொல்லலாம். இது சீர் குலைந்ததல்ல; ஓர் ஓலை கிழிந்ததாகும்.

ஆனால் ஒரு கை மட்டும் மாறாமல் நிற்கிறது. அது மாப்பிள்ளைத் தோழனுடைய கை. பெரும்பாலும் பெண்ணின் சகோதரனே தோழனாவான். அவனுக்கும் பட்டு வேட்டி உண்டு. அவன் தலையிலும் தலைப்பாகை உண்டு. மணவாசலிலே அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் அணிவிக்கிறார். கால் கழுவுதல் ஊழியந்தான். எனினும் அதைச் செய்தவன் எழுந்து, கைகோத்து, மணவறை வரைக்கும் பக்கத்திலே நடந்து செல்கிறான்.

ஊழியம் செய்தவனுக்கும் அதைப் பெற்றவனுக்கும் ஒரே தலைப்பாகை. எமது மணவீட்டுச் சடங்குகளுள் இளந்தலைமுறைக்குக் கையளிக்கத் தக்கது எது என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இதனையே. நாவிதருக்கும் வெள்ளை கட்டியவருக்கும் எமது முன்னோர் கொடுக்க மறந்த இடம், தோழன் நிற்கும் அந்த இடந்தான்.