காகிதத்தில் தொடங்கிய போர்: டகோட்டா, 1862

அமெரிக்கப் பழங்குடிகள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஹாலிவுட் படங்கள் வரைந்து காட்டிய சித்திரமே. இறகுத் தலையணி, குதிரை, வில், அம்பு, எரியும் வீடுகள். இறுதியில் வந்து சேரும் குதிரைப்படை. அச்சித்திரத்தில் ஒருபோதும் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு: காகிதம். 1862ஆம் ஆண்டு மினசோட்டாவில் டகோட்டா மக்களுக்கும் வெள்ளைக் குடியேறிகளுக்கும் இடையே ஆறு வாரங்கள் நடந்த போரின் வரலாற்றைப் புரட்டினால், துப்பாக்கிகளுக்கு முன்பும் பின்பும் ஒப்பந்தப் பத்திரங்களும் கடன் கணக்குகளும் தீர்ப்புகளும் நிற்பதைக் காண்கிறோம்.

வெளியார் இம்மக்களைச் சூ என்று அழைத்தனர். அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் டகோட்டா; நட்பினர் என்பது பொருள். 1851இல் டிராவர்ஸ் டே சூ, மெண்டோட்டா ஆகிய இரு இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி அவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர். எஞ்சியது மினசோட்டா ஆற்றின் இரு கரைகளிலும் பத்துப் பத்து மைல் அகலமுள்ள ஒரு நிலத்துண்டு. விலையாகப் பேசப்பட்ட தொகையின் பெரும்பகுதியை அரசே வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் வட்டி மட்டும் தருவதாக ஏற்பாடு.

டிராவர்ஸ் டே சூவில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட தலைவர்கள் அடுத்து ஒரு பீப்பாயின் அருகே அழைத்துச் செல்லப்பட்டனர். அதன்மேல் இன்னொரு தாள் இருந்தது. ஒப்பந்தத்தின் மற்றொரு பிரதி என எண்ணிப் பலரும் அதிலும் கையொப்பமிட்டனர். உண்மையில் அது, வியாபாரிகள் கோரிய கடன்களை டகோட்டாக்களுக்கு வரவேண்டிய பணத்திலிருந்து தீர்ப்பதற்கான ஒப்புதல். அரசின் சார்பில் இந்த ஒப்பந்தங்களைப் பேசியவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ராம்சே. கடன் கோரியவர்களில் ஒருவர் கம்பளித்தோல் வணிகரான ஹென்றி சிப்லி. இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1858இல் மினசோட்டா மாநிலமானபோது அதன் முதல் ஆளுநர் சிப்லி. போர் மூண்டபோது ஆளுநர் ராம்சே, படை நடத்தியவர் சிப்லி.

1858இலேயே மற்றோர் ஒப்பந்தத்தின் வழியே ஆற்றின் வடகரையும் போயிற்று. வேட்டைநிலம் சுருங்கியது. 1861இல் பூச்சிகளால் விளைச்சல் கெட, குளிர்காலம் பட்டினியில் கழிந்தது. 1862 கோடையில் வரவேண்டிய ஆண்டுத்தொகை உள்நாட்டுப் போரின் நெருக்கடியில் தாமதமாயிற்று. அரசுக் கிடங்கில் உணவு இருந்தது. ஆனால் பணமும் உணவும் சேர்த்தே வழங்கப்படும் என்பது வழக்கம் என்றார் அரசு முகவர் தாமஸ் கால்பிரைத். வியாபாரிகள் கடன் தர மறுத்தனர். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரூ மைரிக் என்ற வியாபாரி சொன்னதாகக் கூறப்படுகிறது. போரின் முதல் நாளில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பிணத்தின் வாயில் புல் திணிக்கப்பட்டிருந்தது என்பர்.

ஆகஸ்ட் 17 அன்று நான்கு டகோட்டா இளைஞர்கள் அக்டன் என்னும் இடத்தில் ஐந்து குடியேறிகளைக் கொன்றனர். அன்றிரவு போர் வேண்டுமென்று கோரியவர்களிடம் லிட்டில் குரோ எனப்படும் தலைவர் தாவோயாதேதூத்தா தயங்கினார். வாஷிங்டனுக்குப் போய் வந்தவர் அவர். எதிரியின் எண்ணிக்கையை அறிந்தவர். வெல்ல முடியாதென்று தெரிந்தும் தலைமையேற்றார். மறுநாள் போர் தொடங்கியது. 71,000 டாலர் மதிப்புள்ள பொன் நாணயங்கள் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அதே நாளில்தான்.

அடுத்து நடந்தவற்றை நாம் மெழுகிச் சொல்லலாகாது. இறந்த குடியேறிகளும் படைவீரர்களும் சுமார் 600 பேர் எனக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலோர் பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் நிலம் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் பல. பீப்பாய்மேல் கிடந்த தாளை அவர்கள் கண்டதில்லை. டகோட்டாக்களிலும் பலர் இப்போரை எதிர்த்தனர், கைதிகளைக் காத்தனர். செப்டம்பர் 23 அன்று உட் லேக் என்னுமிடத்தில் நடந்த சண்டையோடு போர் முடிந்தது. மூன்று நாட்களில் 269 கைதிகள் விடுவிக்கப்பட்டனர்.

பின்னர் மீண்டும் காகிதத்தின் ஆட்சி. ராணுவ ஆணையம் 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கறிஞர் இல்லை, சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஜனாதிபதி லிங்கன் பதிவேடுகளை வரவழைத்துப் பரிசீலித்து, போர்க்களத்தில் சண்டையிட்டவர்களையும் பொதுமக்களைக் கொன்றவர்களையும் பிரித்து, 39 பேரின் தண்டனையை மட்டும் உறுதி செய்தார். பின்னர் ஒருவர் விலக்கப்பட்டார். 1862 டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் மிக அதிகமானோர் தூக்கிலிடப்பட்டது அன்றுதான்.

அந்த 38 பேரில் ஒருவர் சாஸ்கா. கைதியாயிருந்த சாரா வேக்ஃபீல்டையும் அவர் குழந்தைகளையும் காத்தவர். அதற்காக அந்தப் பெண்மணி ஆணையத்தின்முன் சாட்சியும் சொன்னார். லிங்கனின் பட்டியலில் அவர் இல்லை. ஆயினும் பெயர்க் குழப்பத்தால் தூக்கிலிடப்பட்டார். சாஸ்கா என்பது தலைமகனாகப் பிறந்த ஆணுக்கு டகோட்டாக்கள் இடும் பொதுப்பெயர். அம்மொழியை அறியாதவர் கையில் இருந்த ஒரு பட்டியலில் மூத்த மகன்கள் எல்லாரும் ஒருவராகிப் போயினர்.

போரில் ஈடுபடாத சுமார் 1,600 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், அந்தக் குளிர்காலத்தில் ஸ்னெல்லிங் கோட்டையின் கீழே அடைக்கப்பட்டனர். 130 முதல் 300 பேர்வரை நோயில் மடிந்தனர். மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் அவ்விடம் டகோட்டாக்களுக்கு ப்டோட்டே என்னும் புனிதத் தலம். தம் இனம் தோன்றிய மண் என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. 1863இல் காங்கிரஸ் சட்டமியற்றி ஒப்பந்தங்களை ரத்துசெய்து அவர்களை மாநிலத்தைவிட்டு வெளியேற்றியது. போரில் பங்கேற்காத ஹோ-சங்க் மக்களும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் மகனோடு பழம் பறித்துக்கொண்டிருந்த லிட்டில் குரோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எச்சங்கள் மினசோட்டா வரலாற்றுக் கழகத்தில் காட்சிப்பொருளாயின. உறவினரிடம் திரும்பிச் சென்று மண்ணில் அடங்கியது 1971இல்.

இலக்கிய வாசகர்களான நாம் நின்று கவனிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. தூக்கிலிருந்து தப்பிய கைதிகள் அயோவாவின் டேவன்போர்ட்டுக்கு அனுப்பப்பட்டு, 1866இல் மன்னிப்புக் கிடைக்கும்வரை சிறையிலிருந்தனர். அந்தச் சிறைவாசத்தில் அவர்களில் பலர் எழுதப் படித்தனர். மதபோதகர்கள் தம் பணிக்காக டகோட்டா மொழிக்கு அமைத்த எழுத்துமுறையிலேயே உறவினரைப் பற்றி விசாரித்தும், விடுதலை வேண்டியும் கடிதங்கள் எழுதினர். அவற்றில் 50 கடிதங்களை கிளிஃபோர்ட் கான்கு, மைக்கேல் சைமன் ஆகியோர் மொழிபெயர்த்து 2013இல் நூலாக வெளியிட்டனர். வாசிக்க இயலாத தாளில் கையொப்பமிட்டு நிலத்தை இழந்த ஒரு சமூகம், ஒரு தலைமுறைக்குள், தன் துயரைத் தன் மொழியில் தானே எழுதியது.

2024இல் மினசோட்டா அரசு அப்பர் சூ ஏஜென்சி பூங்கா நிலத்தை டகோட்டாக்களிடம் திருப்பி அளித்தது. 1862 ஆகஸ்டில் பசித்தவர்கள் உடைத்துத் திறந்த உணவுக் கிடங்கு இருந்த ஊர் அது. இழந்தவற்றோடு ஒப்பிட்டால் சிறு துண்டு நிலம். எனினும் இம்முறை பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.