தென் ஆஸ்திரேலிய மின்சேமிப்பு ஒப்பந்தப்புள்ளிகள்: 2016–2022

தமிழகத்தில் ஒப்பந்தப்புள்ளி என்றும் இலங்கையில் கேள்விப்பத்திரம் என்றும் வழங்கப்பெறும் முறை, பாலம், சாலை, கட்டடம் ஆகியவற்றுக்கே உரியதாக நெடுங்காலம் கருதப்பட்டது. இவை அளந்து பார்க்கத்தக்கவை. மின்வழங்கலின் நம்பகத்தன்மையோ இல்லாதபோது மட்டுமே உணரப்படுவது. அதனைப் போட்டி விலையில் வாங்க முனைந்த ஓர் அரசின் பட்டறிவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தென் ஆஸ்திரேலியாவில் 1946இல் முதல்வர் தாமஸ் பிளேஃபோர்டின் அரசு, அடிலெய்டு மின் நிறுவனத்தை அரசுடைமையாக்கியது. லீ கிரீக் நிலக்கரி, போர்ட் அகஸ்டா அனல் நிலையங்கள் என அடுத்த அரை நூற்றாண்டின் திட்டமிடல் ஒரே அரசு அமைப்பின் கையில் இருந்தது. 1999 முதல் அவ்வமைப்பின் உடைமைகள் தனியாருக்கு நீண்டகாலக் குத்தகையாயின. அதன்பின், அடுத்த மின்நிலையத்தை யார், எப்போது கட்டுவது என்பதைச் சந்தை விலையே முடிவு செய்யும் என நம்பப்பட்டது. 2016 மே மாதத்தில் போர்ட் அகஸ்டாவின் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று சூறாவளிக் காற்று மின்கடத்துக் கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்து நேர்ந்த மின்னழுத்த வீழ்ச்சிகளால் பல காற்றாலைகள் தம் உற்பத்தியைத் தாமே குறைத்துக்கொண்டன. விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு அதன் சுமையைத் தாங்காமல் துண்டிக்கப்பட, மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. சுமார் 8,50,000 இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. காற்றாலையே குற்றவாளி என ஒரு சாராரும், புயலே காரணம் என மறு சாராரும் வாதிட்டனர். இரண்டும் அரைகுறை விளக்கங்களே. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மின்னழுத்தம் வீழ்ந்தால் விலகிவிடுமாறு அக்காற்றாலைகளில் பாதுகாப்பு அமைவு இருந்தது. அது மின்சந்தை இயக்க நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்கப்படாத தகவல் ஒன்று ஒரு மாநிலத்தையே நிறுத்தியது எனலாம்.

2017 மார்ச்சில் முதல்வர் ஜே வெதரில் அறிவித்த ஆற்றல் திட்டத்தில் 100 மெகாவாட் மின்கலத் தொகுதிக்கான ஒப்பந்தப்புள்ளியும் இடம்பெற்றது. ஏறத்தாழ 90 நிறுவனங்கள் விருப்பம் தெரிவித்தன. ஜூலையில் நியோன், டெஸ்லா கூட்டு தேர்வாயிற்று. நூறு நாளில் முடிக்காவிடில் இலவசம் என்ற ஈலான் மஸ்கின் பந்தயமே இன்றளவும் பேசப்படுகின்றது. ஆயின் நாள்கணக்கு தொடங்கிய செப்டம்பர் இறுதியிலேயே பாதிக் கலங்கள் நிறுவப்பட்டிருந்தன. வரலாற்று நோக்கில் முதன்மையானது ஒப்பந்த விதியே: 70 மெகாவாட் திறன் மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்கென அரசுக்கு ஒதுக்கப்பட்டது, எஞ்சிய 30 மெகாவாட்டை நியோன் சந்தையில் வணிகம் செய்யலாம். அரசு கேட்டது மின்சாரத்தை அன்று, ஆயத்த நிலையை.

டிசம்பர் 1 அன்று இயங்கத் தொடங்கிய இத்தொகுதி (129 மெகாவாட்-மணி), இரு வாரத்துக்குள், விக்டோரியாவில் ஓர் அனல் அலகு திடீரென நின்றபோது, நொடிகளுக்குள் மின்சாரம் செலுத்தி அதிர்வெண் வீழ்ச்சியைத் தடுக்க உதவியது. அது நிறுவப்பட்ட ஹார்ன்ஸ்டேல் காற்றாலையே வேறொரு போட்டியின் விளைவு என்பதும் நோக்கத்தக்கது. கான்பெரா நகரை உள்ளடக்கிய தலைநகரப் பகுதி அரசு நடத்திய தலைகீழ் ஏலங்களில் அதன் மூன்று கட்டங்களும் வென்றன. ஒரு மெகாவாட்-மணிக்கான விலை 92 டாலரிலிருந்து 77 ஆகவும், பின்னர் 73 ஆகவும் இறங்கியது.

விலை இறங்குவது மட்டுமே வெற்றியாகாது என்பதற்குப் போர்ட் அகஸ்டா சான்று. 2017 ஆகஸ்டில், அரசின் சொந்த மின்தேவைக்கென, உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் 150 மெகாவாட் சூரிய அனல் நிலையத்துக்கு சோலார்ரிசர்வ் நிறுவனம் தேர்வுபெற்றது. இருபதாண்டு ஒப்பந்தம், விலை 78 டாலருக்கு மிகாது. நிலக்கரி நிலையத்தை இழந்த ஊர் இதனைப் பெரிதும் நம்பியிருந்தது. முதலீடு திரளவில்லை, 2019 ஏப்ரலில் திட்டம் கைவிடப்பட்டது. மின்கலத்துக்கான போட்டியில் அரசு குறித்த நாளில் இயங்கும் திறனைக் கோரியது. இங்கோ, கட்டப்படாத நிலையத்தின் விலையை ஒப்பிட்டது. நிதி உறுதிப்பாட்டைத் தேர்வுக்கு முன்னரே நிபந்தனையாக்கியிருந்தால் அவ்வளவு குறைந்த விலைப்புள்ளி வந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் ஊர் வீண் நம்பிக்கையில் இரண்டாண்டுகளை இழந்திருக்காது.

வெற்றி பெற்ற மின்கலமும் கண்காணிப்புக்கு அப்பாற்பட்டதன்று. 2019 அக்டோபரில் குவீன்ஸ்லாந்தின் கோகன் கிரீக் நிலையம் நின்றபோது, அது சந்தையில் உறுதியளித்த அளவுக்குத் துணைபுரியவில்லை எனத் தெரியவந்தது. ஆயத்தமாயிருப்பதற்கெனக் கட்டணம் பெற்றுக்கொண்டே 2019 ஜூலை முதல் நவம்பர் வரை அந்நிலையில் அது இருக்கவில்லை என எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் 9,00,000 டாலர் அபராதம் விதித்தது. அக்குறைபாட்டை வெளிக்கொணர்ந்தது வழக்கமான சோதனையன்று, வேறொரு மாநிலத்தில் நேர்ந்த விபத்து.