தங்கவயல் தமிழரின் சரித்திரச் சான்றுகள்

மைசூர் சமஸ்தானத்துக் கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக அங்கே குடியேறின. அவர்தம் சரித்திரத்தை நாம் எங்கே தேடுவது?

கம்பெனி அறிக்கைகள் தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் கூறும். தோண்டியவரின் பெயரை அவற்றில் காண்டல் அரிது. ஆங்கில ஏடுகளில் 'கூலி' என்பது ஆளையே குறிக்கும். நம் மொழியிலோ அஃது ஊதியம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழைப் புரட்டினாலோ, மாரிகுப்பத்துப் பௌத்த சங்கத்தாரின் செய்திகள் எதிர்ப்படுகின்றன. கம்பெனி ஏட்டில் வெறும் எண்ணாய் நின்றவர், இங்கே கூட்டம் கூட்டுகிறார், சமயம் ஆராய்கிறார்.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. வீட்டுப் பெட்டிகளில் எஞ்சிய வேலைச் சீட்டுகளையும் கலியாணப் பத்திரிகைகளையும் கரையான் முந்துமுன் படியெடுத்தல் வேண்டும்.