கிளாஸ்கோ: இடித்த வீதிகளும் திருத்திய வீதிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ மாநகரில் ஏழை மக்கள் வாழ்ந்த வீட்டுக் கதவுகள் பலவற்றில் ஒரு சிறு தகரச் சீட்டு அறையப்பட்டிருந்தது. இவ்வீடு இத்தனை கன அடி. இங்கே தங்கக்கூடிய வளர்ந்தோர் இத்தனை பேர். அவ்வளவே அதிற் காணப்படும் செய்தி. 2,000 கன அடிக்கு மேற்படாத வீடுகளுக்கு 1862ஆம் ஆண்டின் சட்டமொன்று விதித்த ஏற்பாடு இது. நள்ளிரவிலே அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவர், உறங்குவோரை எண்ணுவர். கணக்குக்கு மிஞ்சியவர்கள் அலுமாரிக்குள்ளும் கூரையின்மேலும் ஒளிந்துகொள்வர்.

இச்சட்டத்தை இயற்றியோர் கொடியவரல்லர். நெருக்கத்தாலே கொள்ளைநோய் பரவுவதைத் தடுக்கவே அவர்கள் விரும்பினர். ஆயினும், உறங்குவோரை எண்ணிய அதிகாரி அவர்களிடம் எதனையுங் கேட்டறியவில்லை. கிளாஸ்கோவின் குடியிருப்பு வரலாற்றைப் பார்க்குங்கால், இந்தக் கேளாமையே அதில் மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காண்கின்றோம்.

அந்நகரம் இத்துணை நெருக்கமுற்றது எவ்வாறு? கிளைட் நதி ஒருகாலத்தில் மிக ஆழங்குறைந்தது. 1770களில் ஜோன் கோல்போர்ன் என்னும் பொறியியலாளர் கரையிலிருந்து கல்லணைகளை நீட்டி நதியை ஒடுக்கினார். ஒடுங்கிய நீர் தன் படுகையைத் தானே அரித்து ஆழமாக்கிற்று. புகையிலையும் சீனியும் நகரை வளப்படுத்தின. அவற்றை விளைவித்தோர் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்கள் என்பதை அங்குள்ள வேர்ஜீனியா வீதியும் ஜமேக்கா வீதியும் இன்றும் நினைவூட்டும். அக்கொடுமையில் நகருக்கிருந்த பங்கிற்காக மாநகரசபை 2022ஆம் ஆண்டிலே மன்னிப்புக் கோரிற்று. பின்னர் இரும்பும் நீராவியும் வந்தன. முதலாம் உலகப்போருக்குச் சற்று முன்னர், உலகிற் கட்டப்பட்ட கப்பல்களின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கிளைட் நதிக்கரையிலே உருவாயிற்று. 1801இல் ஏறக்குறைய 77,000 ஆயிருந்த சனத்தொகை 1901இல் ஏழரை இலட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்கள் யாவர்? பஞ்சத்திற்குத் தப்பிய அயர்லாந்தினர், வடபுல மலைநாட்டார், கிழக்கைரோப்பிய யூதர். அவர்களுக்காக எழுந்தவையே 'டெனெமென்ற்' எனப்படும் நாலடுக்குக் கல்வீடுகள். பல குடும்பங்களுக்கு ஒரே படிக்கட்டு. படிக்கட்டின் திருப்பத்திலே ஒரு பொது மலசலகூடம். பின்புறத்திலே துணி வெளுக்கவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு பொதுமுற்றம். அடுப்பெரியும் அறையிலேயே, சுவரிற் குடைந்த மாடத்திற் கட்டில். 1911ஆம் ஆண்டில் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர்.

நகரின் தென்பாலுள்ள கோர்பல்ஸ் பகுதியிலே, அயர்லாந்திலிருந்து வந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் தோமஸ் லிப்டன். அவருடைய பெற்றோர் அங்கே கிறவுன் வீதியிற் சிறு கடை வைத்திருந்தனர். 1871இல் தமது முதற் கடையைத் திறந்த அவர், 1890இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களோடு அவர் பெயர் இன்றும் ஒட்டிக்கிடக்கின்றது. ஓரறை வீட்டின் நெருக்கம் எத்தகையதென்று, லயன் காம்பிராக்களில் வளர்ந்த எம் மலையக மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அதிகாரிகள் கேளாதபோது மக்கள் தாமே பேசிய காலமும் உண்டு. 1915ஆம் ஆண்டு, போர்த்தளபாடத் தொழிலுக்கென ஆயிரக்கணக்கானோர் நகருக்குட் புகுந்தனர். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, கோவன் பகுதியில் மேரி பார்பர் என்னும் பெண்மணி அயற்பெண்களைத் திரட்டினார். வெளியேற்ற வந்த நீதிமன்ற அலுவலர் தலையிலே மாப்பொட்டலங்கள் வீழ்ந்தன! நவம்பர் 17ஆந் திகதி பதினெட்டுக் குடியிருப்பாளர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டபோது, கப்பற்றொழிலாளரும் வேலையை விட்டு ஊர்வலமாய்த் திரண்டனர். வழக்கு நின்றது, ஆண்டு முடியுமுன் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரே படிக்கட்டையும் ஒரே முற்றத்தையும் பகிர்ந்த பெண்களாலேயே இது கைகூடிற்று என்பது என் துணிபு. அடுத்த தலைமுறையின் திட்டகாரர் கணக்கிலெடுக்காத செல்வம் இதுவே.

1945ஆம் ஆண்டிலே மாநகரசபைப் பொறியியலாளர் றொபேட் புறூஸ் முன்வைத்த திட்டம் நகரின் நடுப்பகுதியிற் பெரும்பங்கை இடித்துப் புதிதாய்க் கட்டச் சொன்னது. அத்தனையும் நடைபெறவில்லை. ஆனால் 1957இல் இருபத்தொன்பது பகுதிகள் முழுமையான மறுசீரமைப்புக்கென வரையறுக்கப்பட்டன. கோர்பல்ஸ் அவற்றுள் முன்னணியில் நின்றது. மக்களிற் பலர் நகரெல்லையிலுள்ள ஈஸ்டர்ஹவுஸ், காசில்மில்க், டிறம்சப்பல் ஆகிய இடங்களுக்கும், வேறு பலர் ஈஸ்ற் கில்பிறைட், கம்பர்நோல்ட் முதலிய புதிய நகரங்களுக்கும் சென்றனர்.

இதனை இன்று எள்ளி நகையாடுதல் எளிது, முறையன்று. தன் வீட்டுக்குள்ளேயே குளியலறையும் சுடுநீரும் கண்ட தாய்மார் அடைந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் வெளியே வந்தால், பாண் வாங்கக் கடையில்லை, வேலைத்தலம் தொலைவு, பேருந்துக் கட்டணம் மிகை, அயலவர் முகம் புதிது.

கோர்பல்ஸிலே புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பாசில் ஸ்பென்ஸ் இருபது மாடிக் கட்டடங்களை அமைத்தார். அவை 1993இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அயலே எழுந்த வேறொரு தொகுதியிற் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் படர்ந்தது. குடியிருப்போர் முறையிட்டபோது, அவர்கள் வாழும் முறையே காரணமென அதிகாரிகள் கூறினர். அத்தொகுதியும் 1987இல் இடிபட்டது. 1960களில் எழுந்த றெட் றோட் கட்டடங்களோ முப்பத்தொரு மாடிவரை உயர்ந்தவை. பிற்காலத்தில் அங்கே புகலிடம் கோரி வந்தோர் பலர் குடியமர்த்தப்பட்டனர். 2014ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவின் தொடக்கத்தில் அவற்றுள் ஐந்தைத் தகர்த்து உலகுக்குக் காட்சியாக்க எண்ணினார்கள்! புகலிடம் கோரியோர் வாழ்ந்த கட்டடம் மட்டும் தனியே எஞ்சி நின்றிருக்கும். மக்கள் கொதித்தெழ, அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில் இறுதி ஆறு கட்டடங்களுக்கும் வெடிவைத்தபோது, இரண்டு முற்றாய் வீழாமற் பாதியில் நின்றன.

இழப்பு கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டும் நின்றுவிடவில்லை. லிவர்பூல், மான்செஸ்டர் ஆகிய நகரங்களும் இதே அளவு வறுமையுற்றவை. எனினும், அகால மரணங்கள் கிளாஸ்கோவில் அவற்றினும் 30 சதவீதம் அளவுக்கு மிகுந்திருந்தமையை 2010இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. காரணந் தேடியவர்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கை, இளைய தொழிற்றிறனாளரைப் பொறுக்கியெடுத்துப் புதிய நகரங்களுக்கு அனுப்பிய அரசுக் கொள்கையையும், நகரெல்லைப் பெருங்குடியிருப்புகளையும் காரணங்களுட் சேர்த்துக் கூறுகின்றது.

மாற்றுவழி இருந்ததா? மீண்டும் கோவனுக்கே செல்லவேண்டும். 1970களின் தொடக்கத்தில், ஸ்திரத்கிளைட் பல்கலைக்கழகக் கட்டடக் கலைத்துறையைச் சார்ந்த இளைஞர் சிலர் அங்கே தரன்சே வீதியிலே பணிதொடங்கி, வீடுவீடாய்ச் சென்று குடியிருப்போரிடமே கேட்டனர். பழைய கல்வீடுகள் இடிக்கப்படாமலே திருந்தின. சுவர்மாடத்துக் கட்டில் இருந்தவிடத்திற் குளியலறை பொருத்துதல் போன்ற எளிய உத்திகள் கைகொடுத்தன. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரச நிதி கிடைத்ததும், குடியிருப்போரே நிருவகிக்கும் வீடமைப்புச் சங்கங்கள் நகரெங்குந் தோன்றின. கரிபடிந்த சுவர்களைத் துலக்கியபோது, உள்ளேயிருந்த செந்நிறக் கல்லையும் பொன்னிறக் கல்லையும் ஊரவரே வியந்து நோக்கினர். கப்பற்றுறைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்ட துயரை இவ்வேலை தீர்த்துவிடவில்லை; 1990இல் கிடைத்த ஐரோப்பியப் பண்பாட்டு நகரென்ற பட்டமும் அதனைத் தீர்க்கவில்லை.

லிப்டன் குடும்பத்தின் கடை இருந்த கிறவுன் வீதி என்னவாயிற்று? ஈரம் ஊறிய கட்டடங்கள் நின்ற நிலத்திலே, 1990களில் அவ்வீதி மறுபடியும் கட்டப்பட்டது. நாலடுக்கு வீடுகள், கீழே கடைகள், பின்புறத்திலே பொதுமுற்றம்: முன்பு இடித்துத்தள்ளிய அதே வடிவந்தான். வீடுகளிற் பெரும்பகுதி விற்பனைக்கென அமைந்தவை. பழைய வீதியிலே ஒரே படிக்கட்டில் ஏறியிறங்கிய குடும்பங்களுட் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே ஊரெல்லைக்கும் புதிய நகரங்களுக்குமாகச் சிதறிப்போயிருந்தன.