ஓலையிலிருந்து கைப்பேசித் திரை வரை

ஓலைச்சுவடியில் பாட்டை அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளைப் பார்த்த அன்பர்களுக்கு இது தெரியும். ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் எழுத்து ஓடும். கயிறு கோக்கும் துளை வந்தால் விலகிப் போகும். அதே நூலைக் குட்டை ஓலையில் படியெடுத்தால் வரிகள் வேறிடத்தில் மடங்கும், நூல் மாறாது.

அச்சு வந்ததும் இது மாறிற்று. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பாட்டு எது, உரை எது என்று பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அச்சில் அடியும் பக்கமும் ஓரிடத்தில் நிலைத்தன. படிப்பவர்களுக்குப் பெரிய உபகாரம். பக்கத்தின் அகலம் மாறாது என்ற எண்ணமும் நம் மனத்தில் ஊறிவிட்டது.

இணையம் பிறந்தது ஓலையின் வழியில்தான். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் பக்கங்களில் அகலக் கணக்கே கிடையாது. கணினி ஜன்னலைக் குறுக்கினால் வரிகள் தாமே மடங்கும். பின்னால் வந்தவர்கள்தான் அச்சுப் பக்கம்போல 800 புள்ளி அகலம் என்று பூட்டினார்கள். தமிழுக்கு இன்னொரு பூட்டும் விழுந்தது. ஆளுக்கொரு எழுத்துரு இருந்ததால் பலர் எழுத்தைப் படமாகவே ஏற்றினார்கள். படத்தில் வரி மடங்காது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு லோசான் நகரம் பூகோளப் புத்தகத்திலேயே பழக்கம். அங்கிருந்துதான் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே வைத்தார்கள். அதனால்தான் பிற்பாடு அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது.

2007-இல் ஐபோன் வந்து திரை உள்ளங்கைக்குள் சுருங்கியது. 2010 மே மாதம் ஈதன் மார்காட் என்ற அமெரிக்கர், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும் வழியை எழுதினார். அடுத்த மாதமே, கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது.

எழுபது வயதுக்கு மேல் இதை என் பேத்தியிடம் கற்றேன். பக்கத்தின் தலையில், கருவியின் அகலமே பக்கத்தின் அகலம் என்று உலாவிக்கு ஒரு வரி. புள்ளிக் கணக்குக்குப் பதில் சதவீதக் கணக்கு. படம் தன் பத்தியைத் தாண்டக் கூடாது. திரை குறுகினால் பக்கத்துப் பத்தி கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான். அடங்கல் பதிவேடு மாதிரி கட்டம் கட்டமான பட்டியல்தான் மடங்காமல் அடம்பிடிக்கும். தமிழின் நீண்ட சொற்களும் குறுகிய பத்தியில் இடறும். இருபுறமும் ஒழுங்கு செய்யாமல் இடது ஓரம் மட்டும் நேராக வைத்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழாது.

கண்புரை வந்த நம் வயதுக்காரர்கள் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறோம். ஆகவே ஊர்க் கோயிலின் தலவரலாற்றையோ குடும்ப வரலாற்றையோ இணையத்தில் ஏற்றும் அன்பர்கள், புகைப்படத்தோடு நிறுத்தாமல் தட்டச்சும் செய்து வையுங்கள். எழுத்தாக இருந்தால் நாளை எந்தத் திரை வந்தாலும் அதில் அது மடங்கிக்கொள்ளும்.