2013 சென்னைக் குறுஞ்செய்தி ஆய்வும் அணிகருவிகளும்: ஒரு மறுவாசிப்பு

நீரிழிவைத் தடுக்க அணிகருவிகள் உதவும் என வாதிடுவோர் நம் ஊர்ச் சான்றாக முன்வைப்பது, அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் ‘தி லான்செட் டயாபடிஸ் அண்ட் எண்டோகிரைனாலஜி’ இதழில் வெளியிட்ட குறுஞ்செய்தி ஆய்வை. கைபேசிக்கு வரும் சில வரிகளே பலன் தருமென்றால், நாள் முழுக்க அடிகளை எண்ணும் கைப்பட்டை இன்னும் கூடுதலாகத் தராதா என்பது அவர்கள் கேள்வி. அந்த ஆய்வு இந்த முடிவுக்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்கள். வயது 35 முதல் 55. குறுஞ்செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும் (18%), பெறாத 266 பேரில் 73 பேருக்கும் (27%) நீரிழிவு வந்தது. பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவர் தப்புகிறார். இந்தப் பதினொன்றின் நம்பக எல்லை 6 முதல் 55 வரை விரிகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வழக்கமான வாசிப்பு இங்கே நின்றுவிடுகிறது. நோயிலிருந்து தப்பியவர்கள் எதனால் தப்பினார்கள்? செய்தி பெற்றவர்களின் உணவுப் பழக்கம் மேம்பட்டது. உடலுழைப்பிலோ இரு குழுக்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. உணவு மாற்றம் உடலுழைப்பைச் சாராமலேயே பலன் தந்தது என்று அதே குழுவினர் 2014இல் தனிக் கட்டுரையே எழுதினர். அப்படியிருக்க, அடிகளை எண்ணும் கருவிக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? பங்கேற்றவர்கள் வாய்மொழியாகச் சொன்ன உடலுழைப்புக் கணக்கு நம்பத்தக்கதல்ல, கருவியால் அளந்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் உணவுக் கணக்கும் பங்கேற்றவர்கள் சொன்னதுதான். ஒன்றை ஏற்று மற்றதை மட்டும் தள்ள முடியாது.

இன்னொன்று: குறுஞ்செய்தி எதையும் அளக்கவில்லை, நினைவூட்டியது. கைப்பட்டை அளக்கிறது. அளப்பதும் மாறுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 471 பேரிடம் நடந்து, 2016இல் ‘ஜாமா’வில் வந்த ஆய்வில், 24 மாத முடிவில் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும் அணியாதவர்கள் 5.9 கிலோவும் எடை குறைந்தனர். அது இளைஞர்களின் எடைக்குறைப்பு ஆய்வு என்ற மறுப்பு என்னை அதிகம் அசைக்கவில்லை.

சென்னைப் புறநகர் வேப்பம்பட்டில் விடிகாலை மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ அந்தச் சென்னை ஆய்வு பேசும் ஆண்கள்தாம். ஸ்டேஷனுக்கு நடந்து, பெட்டியில் நின்று, பட்டறையிலும் நின்றே வேலை பார்ப்பவரின் கைப்பட்டை நல்ல எண்ணைத்தான் காட்டும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அவர் சாப்பிடும் சோற்றின் அளவையும், இடைவேளைதோறும் குடிக்கும் சர்க்கரை போட்ட டீயையும் அது அறியாது.

உணவைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடிய அணிகருவி, மேற்கையில் ஒட்டி 14 நாள் அணியும் தொடர் குளுக்கோஸ் உணரிதான். அது ரத்தத்தை அளப்பதில்லை; செல்லிடைத் திரவத்தை அளப்பதால் சில நிமிடம் பின்தங்குகிறது. ஆயினும் இட்லியும் சோறும் தன் உடலில் செய்வதை அணிந்தவரே பார்க்க முடிகிறது. இன்சுலின் போடுவோருக்கு இதன் பயனில் ஐயமில்லை. நோய் வராதவர்களிடம் அது தடுப்புக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. அங்கே நான் உறுதி சொல்ல மாட்டேன். விலையும் தொழிலாளி மாதாமாதம் தாங்கக்கூடியதல்ல. தோலைத் துளைக்காமலே சர்க்கரையைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களும் மோதிரங்களும் விவாதத்துக்கே உரியவை அல்ல. அவற்றை நம்ப வேண்டாமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்துவிட்டது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுகளுக்கே செல்கிறது. அதன் துணையோடு, இந்த ரயில் தடத்து ஊர்களில் குறுஞ்செய்தி மட்டும், கைப்பட்டை மட்டும், குறுஞ்செய்தியோடு எப்போதாவது ஓர் உணரி என மூன்று குழுக்களை ஒப்பிடும் ஆய்வு நடக்க வேண்டும். 2013இல் விடுபட்ட பெண்களும் அதில் இடம்பெற வேண்டும். அதுவரை, அந்தச் சென்னை ஆய்வைக் கைப்பட்டைக்குச் சான்றாகக் காட்டுவதை ஆய்வாளர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.