அவையடக்கம் கற்ற எந்திரம்



அவையில் பேசக் கற்பது ஒரு கலை. பேசாதிருக்கக் கற்பது அதனினும் அரிய கலை. இது மனிதர்க்கு மட்டுமன்று, எந்திரத்துக்கும் பொருந்தும். அதன் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

1988ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக்கழகத்தில், யார்க்கோ ஓய்க்கரினென் என்னும் இளைஞர் 'இன்டர்நெட் ரிலே சாட்' என்ற உரையாடல் முறையை அமைத்தார். அதில் பல சேவையகக் கணினிகள் மரத்தின் கிளைகள் போல ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒருவர் எழுதும் சொல் கிளை விட்டுக் கிளை தாவி, அவர் புகுந்துள்ள அறையில் இருப்போர் அனைவரையும் எட்டும்.

அவ்வறைகளுக்கு ஓர் இயல்பு உண்டு. கடைசி ஆள் வெளியேறியதும் அறையே மறைந்துவிடும். மீண்டும் முதலில் நுழைபவரே அதற்குத் தலைவராவார். ஆகவே, இரவெல்லாம் உறங்காது அறையைக் காக்க, 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்களை அமர்த்தினர்.

இத்தகைய நிரல்கள் இரண்டு ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும்? ஒன்று பேச, மற்றொன்று மறுமொழி கூற, அதற்கு முன்னது மறுமொழி கூற, முடிவேது? 1993 மே மாதம் ஓய்க்கரினெனும் டேரன் ரீடும் எழுதி வெளிவந்த 1459ஆம் எண் ஆவணம் இதற்கு வழி வகுத்தது. 'நோட்டீஸ்' என்னும் வகையில் வரும் செய்திக்கு எந்த நிரலும் தானாக மறுமொழி தரலாகாது என்பதே அவ்விதி. செயற்கை அறிவால் இயங்கும் நிரல்களையும் அவ்வாவணம் அன்றே குறிப்பிட்டிருக்கிறது!

சென்ற ஆண்டு என் மாணவர் சிலர், மனிதரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் கூடிப் பணிபுரியும் உரையாடல் சேவையகம் ஒன்றை அமைத்தனர். பாடக் குறிப்புத் திரட்ட ஒரு நிரல். பிழை திருத்த மற்றொரு நிரல். முதல் இரவே ஒன்று நன்றி கூற, மற்றது அந்நன்றிக்கு நன்றி கூற, விடியும்வரை உபசாரம் நீண்டது. ஒரு மாணவி கேட்டிருந்த ஐயம் அக்குவியலுக்கு அடியில் விடையின்றிக் கிடந்தது. அம்மாணவிக்கு அன்று காலையே தேர்வு.

அன்று மாலை நாங்கள் ஒரு விதி செய்தோம்: மனிதர் பெயர் சொல்லி அழைத்தாலன்றி நிரல் பேசலாகாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிறர் கண்ட உண்மையை, ஒரு மாணவியின் இழப்பால் நாங்கள் மீண்டும் கற்றோம்.

நாளை நீங்களும் இத்தகைய அவைகளை அமைப்பீர்கள். எந்திரத்துக்குப் பேச்சைக் கற்பிக்குமுன், யாருடைய கேள்விக்காக அவை கூடியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.